குடியால் வந்த நாட்பட்ட கணைய அழற்சி: எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதா, அடக்குவதா?

விடியல்கீற்று

வணக்கம். என் தம்பிக்கு 38 வயது. பதினைந்து ஆண்டுகளாகக் குடிக்கிறான். கடந்த மூன்று ஆண்டுகளில் நான்கு முறை மேல்வயிற்று வலியோடு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. முதல் மூன்று முறையும் ‘திடீர் கணைய அழற்சி’ என்றுதான் எழுதினார்கள். இந்த முறை ஸ்கேனில் கணையத்துக்குள் சுண்ணாம்புக் கற்கள் தெரிகின்றன, இனி இது ‘நாட்பட்ட கணைய அழற்சி’ என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வலி முதுகு வரை ஊடுருவுகிறது. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால்தான் அவனால் மூச்சுவிட முடிகிறது. விடிய விடிய அப்படியே உட்கார்ந்திருக்கிறான். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் இப்போது ஆளுக்கொரு பேச்சு. ஓர் உறவினர், “எதிர்ப்பு சக்தி குறைந்துபோனதால் வந்த வினை, அதைக் கூட்ட வேண்டும்” என்று ஒரு பொடி டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இன்னொருவர், “அவனுடைய எதிர்ப்பு சக்திதான் அவன் கணையத்தையே தின்கிறது, ஸ்டீராய்டு கொடுத்து அடக்கச் சொல்” என்கிறார். இரண்டு பேரும் அடித்துப் பேசுகிறார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

இன்னொரு கேள்வியும் மனத்தை அரிக்கிறது. எங்கள் பெரியப்பா இவனைப் போல இரண்டு மடங்கு குடித்தவர். எழுபது வயதைத் தாண்டி வேறு காரணத்தால்தான் காலமானார். கணையத்தில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. இவனுக்கு மட்டும் ஏன்?

வயிற்றுமருத்துவன்

சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொடியைக் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டும் கேட்காதீர்கள்.

உடலின் எதிர்ப்பு மண்டலமே கணையத்தைத் தாக்கும் நோய் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ‘தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி’ என்ற பெயரை 1995இல் ஜப்பானிய மருத்துவர்கள் வைத்தார்கள். இந்நோயாளிகள் பலருடைய ரத்தத்தில் ஐ.ஜி.ஜி-4 என்ற எதிர்ப்பொருள் மிகுந்திருப்பதை 2001இல் கண்டதும் ஜப்பானில்தான். அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் சில வாரங்களில் வீக்கம் வடிந்துவிடும். உங்கள் உறவினர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் குடியால் வருவது வேறு நோய். இதில் ஸ்டீராய்டால் பயனில்லை. ரத்தச் சர்க்கரை ஏறும் தீங்குதான் மிஞ்சும். இன்சுலின் சுரக்கும் திறனை இழந்துவரும் கணையத்துக்கு அது கூடுதல் சுமை.

தம்பி கடைசியாக எப்போது குடித்தார்? இதைக் கேட்கக் காரணம் உண்டு. தினமும் அதிகம் குடித்துப் பழகியவர் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தக் கலக்கம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தியே ஆக வேண்டும், ஆனால் மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும்.

விடியல்கீற்று

பதினோரு நாட்கள் ஆகின்றன ஐயா. மருத்துவமனையில் இருந்தபோதே நடுக்கத்துக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை. வலி மட்டும்தான்.

அப்படியானால் எதிர்ப்பு சக்திக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லையா?

நட்சத்திரச்செல்

தொடர்பு இருக்கிறது அக்கா. மிக நெருங்கிய தொடர்பு. உங்கள் உறவினர் இருவரும் அதைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். நான் கணையச் செல்களை வளர்த்து ஆராயும் மாணவி. அன்றாடம் கண்ணால் பார்ப்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

கணையத்தில் நொதி சுரக்கும் செல்களைச் சுற்றிக் கைகளை நீட்டிப் படர்ந்திருக்கும் ஒரு வகைச் செல் உண்டு. அதற்கு நட்சத்திர செல் என்று பெயர் (என் புனைபெயர் அதிலிருந்து வந்ததுதான்). இதைத் தனியே பிரித்தெடுத்து வளர்க்கும் முறையை 1998இல்தான் ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. புதிதாகப் பிரித்தெடுத்த செல்லை நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகள் தெரியும். அவற்றில் இருப்பது வைட்டமின் ஏ. புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் ஒவ்வொரு துளியும் நீலப்பச்சையாக மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். அமைதியாக இருக்கும் நட்சத்திர செல்லின் அடையாளம் அதுதான்.

அதே செல்லை வெறும் பிளாஸ்டிக் தட்டில் சில நாட்கள் விட்டுவிட்டுப் பாருங்கள். துளிகள் காணாமல் போயிருக்கும். செல் தட்டையாக, நீளமாக, தசைச்செல் போல விறைத்திருக்கும். கொலாஜன் நார்களை நெய்து வெளியே தள்ளத் தொடங்கியிருக்கும். தழும்பு என்று நாம் சொல்வது இந்தக் கொலாஜனைத்தான். உங்கள் தம்பியின் கணையத்தில் நடப்பதும் இதுவே. அங்கே அந்தச் செல்லை உசுப்பிவிடுவதில் பெரும்பங்கு எதிர்ப்புச் செல்களுக்கு உண்டு.

வரிசை ஏறக்குறைய இப்படி: மது, நொதி சுரக்கும் செல்லை உள்ளிருந்தே கெடுக்கிறது. கல்லீரலைப் போலக் கணையமும் மதுவைச் சிதைக்கும். ஒரு வழியில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகிறது. மற்றொரு வழியில் மது கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து எஸ்டராகிறது. இந்த எஸ்டர்கள் செல்லுக்குள் கால்சியத்தை எகிற வைத்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவை முடக்குகின்றன. அடிபட்ட செல் அபாய சைகைகளை வெளியிடுகிறது. அதைக் கேட்டு ரத்தத்தின் வெள்ளணுக்கள் வருகின்றன: முதலில் ஓடிவருபவை நியூட்ரோபில்கள், பின்னாலேயே மோனோசைட்டுகள். மோனோசைட் திசுவுக்குள் புகுந்ததும் பெருவிழுங்கி செல்லாக மாறி, செத்த செல்களை விழுங்கிக் குப்பை அகற்றுகிறது. இதுவரை எல்லாம் சரிதான். ஒரே ஒரு முறை அடிபட்டால் குப்பை அகன்று, கணையம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அடுத்த குடி, அதற்கடுத்த குடி என்று அடி நிற்காதபோதுதான் கதை மாறுகிறது. பெருவிழுங்கிகளின் குணமே மாறிவிடுகிறது. தொடக்கத்தில் சண்டைக்காரர்களாக இருந்தவை, புண்ணை மூடும் பணிக்குத் திரும்புகின்றன. நட்சத்திர செல்கள் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 ஆகிய சைகைப் புரதங்களை வெளியிட்டுப் பெருவிழுங்கிகளை இந்தத் திசைக்கு இழுக்கின்றன என்று 2015இல் வெளிவந்த எலி ஆய்வு காட்டியது. பதிலுக்குப் பெருவிழுங்கிகள் டி.ஜி.எஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகளை அனுப்பி நட்சத்திர செல்களை இன்னும் நெய்யச் சொல்கின்றன. ஒன்று மற்றொன்றைத் தூண்ட, அது திரும்ப இதைத் தூண்டுகிறது. வெளியிலிருந்து புதிய அடி விழாமல் இருந்தால்தான் இந்தச் சுற்று அடங்க வாய்ப்பு உண்டு.

ஆகவே எதிர்ப்பு மண்டலம் உங்கள் தம்பியின் கணையத்தைப் பகையென்று எண்ணித் தாக்கவில்லை. புண் ஆற்ற வந்தது. ஆற விடாமல் குடி மறுபடி மறுபடி கீறிக்கொண்டே இருந்தது. ஆற்றும் வேலையே தழும்பாகக் கெட்டித்துப்போனது.

கேள்விக்குறி

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஓர் ஐயம். கணைய அழற்சி என்றால் கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்வது என்றுதான் கல்லூரியில் படித்தேன். நோய்க்கூறியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி 1896இலேயே சொன்னது. புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதி குடலுக்குப் போய்ச் செயல்படுவதற்கு முன்பே கணையத்துக்குள் விழித்துக்கொள்கிறது. அதனால் திசு கரைகிறது. எதிர்ப்புச் செல்கள் பின்னால் வரும் கூட்டம்தானே? அவற்றுக்கு ஏன் இவ்வளவு இடம்?

நட்சத்திரச்செல்

நல்ல கேள்வி. இதற்காகவே ஒரு சோதனை நடந்தது. டிரிப்சினின் உறங்கும் முன்வடிவம் டிரிப்சினோஜன். எலிகளில் ஒரு முக்கியமான டிரிப்சினோஜன் மரபணுவை நீக்கிவிட்டு, கணைய அழற்சியை உண்டாக்கிப் பார்த்தார்கள். டிரிப்சின் விழித்துக்கொள்ள வழியில்லை. 2011இல் வந்த முடிவு: திடீர் அழற்சியில் செல் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, ஆனால் அழற்சி குறையவில்லை. பிறகு நாட்பட்ட அழற்சியையும் உண்டாக்கிப் பார்த்தபோது அந்த எலிகளின் கணையமும் சாதாரண எலிகளின் கணையம் போலவே சுருங்கித் தழும்பேறியது. நொதி செல்லுக்குள் என்.எஃப்-கப்பா-பி என்ற அழற்சி விசை டிரிப்சினுக்குக் காத்திராமல் தானாகவே முடுக்கிவிடப்படுகிறது. எனவே எதிர்ப்பு மண்டலம் கடைசியில் வந்து சேரும் கூட்டம் இல்லை. தொடக்கத்திலேயே இருக்கிறது.

வயிற்றுமருத்துவன்

இங்கே சற்று மறுக்கிறேன். எலியை வைத்து டிரிப்சினை விடுவித்துவிடக் கூடாது. பரம்பரைக் கணைய அழற்சிக்குக் காரணம் டிரிப்சினோஜன் மரபணுவில் உள்ள பிழை என்று 1996இல் கண்டுபிடித்தது மனிதக் குடும்பங்களில். டிரிப்சினைக் கட்டிப்போடும் ஸ்பிங்க்-1 மரபணு குறைபட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம். என் பார்வையில், முதல் அடி எங்கிருந்தும் விழலாம்: டிரிப்சின், மதுவின் எஸ்டர், பித்தக்கல். அந்த அடி நாட்பட்ட நோயாக வேரூன்றுவதைத் தீர்மானிப்பது பின்னால் வரும் எதிர்ப்பு மண்டலத்தின் பதில். 1999இல் முன்வைக்கப்பட்ட ஒரு கருத்தும் இதையே சொல்கிறது. முதல் திடீர் அழற்சி எதிர்ப்புச் செல்களைக் கணையத்துக்குள் குடியேற்றி வைக்கிறது. அதன் பிறகு சிறிய அடிகூடத் தழும்பை வளர்க்கப் போதுமானதாகிவிடுகிறது. நான் பார்க்கும் நோயாளிகளில் பலருடைய வரலாறும் இந்த வரிசையில்தான் வருகிறது. உங்கள் தம்பியுடையதும்தான், சகோதரி.

நட்சத்திரச்செல்

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. “எங்கிருந்தும் விழலாம்” என்பதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கண்ணாடிவில்லை

இழையை இரண்டு நாட்களாகப் படித்துவருகிறேன். நான் நோய்க்கூறியல் ஆய்வகத்தில் திசுவைச் சீவிச் சாயமேற்றிக் கொடுப்பவள். அறுவையில் எடுக்கப்பட்ட இத்தகைய கணையங்கள் என் கைக்கு வருவதுண்டு. நல்ல கணையத்தைக் கத்தியால் வெட்டினால் மென்மையாக, சிறு சிறு மடல்களாகப் பிரியும். இது அப்படியில்லை. கத்தி நறநறவென்று அரைபடும். கற்களைக் கரைக்க அமிலத்தில் ஊறவைத்த பிறகுதான் சீவவே முடியும்.

சீவிய திசுவைக் கண்ணாடி வில்லையில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மடல்களுக்கு நடுவே அகலமான நார்ப்பட்டைகள். நொதி செல்கள் வெள்ளத்தில் மிஞ்சிய மேடுகள் போல ஆங்காங்கே திட்டுத்திட்டாக நிற்கும். குழாய்கள் விரிந்து, உள்ளே இளஞ்சிவப்புப் புரதக் கட்டிகள் அடைத்திருக்கும். இன்சுலின் சுரக்கும் தீவுகள் மட்டும் கடைசி வரை தாக்குப்பிடித்து, சுற்றிலும் எதுவும் இல்லாத இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்.

நான் எழுத வந்தது வேறு ஒன்றைப் பற்றி. நரம்புகள். இந்த நோயில் நரம்புகள் வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். அவற்றின் உறை பல இடங்களில் பிய்ந்திருக்கும். அந்தப் பிய்ந்த இடத்தைச் சுற்றி லிம்போசைட்டுகள் என்ற எதிர்ப்புச் செல்கள் நீலப்புள்ளிகளாக அப்பிக்கொண்டிருக்கும். சில, நரம்புக்குள்ளேயே நுழைந்திருக்கும். முதன்முதலாக அதைப் பார்த்த நாளில், இந்த மனிதர் எப்படித் தூங்கியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. உங்கள் தம்பி குனிந்து உட்கார்ந்திருப்பதைப் படித்ததும் அந்த வில்லை கண்முன் வந்தது.

விடியல்கீற்று

இதைப் படித்து அழுதுவிட்டேன். ஆனால் நன்றி. “நடிக்கிறான், மீண்டும் குடிக்கச் சாக்குத் தேடுகிறான்” என்று வீட்டில் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டினேன்.

குடியை நிறுத்தியும் வலி ஏன் நிற்கவில்லை என்று இப்போது ஓரளவு புரிகிறது. பெரியப்பாவுக்கு வராதது இவனுக்கு ஏன் வந்தது என்பது மட்டும் இன்னும் புரியவில்லை.

வயிற்றுமருத்துவன்

அவர்களிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: ரத்தத்தில் அமைலேஸ், லைப்பேஸ் என்ற கணைய நொதிகளின் அளவுகள் சரியாக இருந்தாலும் நாட்பட்ட கணைய வலி உண்மையாகவே இருக்கும். தழும்பேறிய கணையத்தில் அந்த அளவுகளை ஏற்றுவதற்கே போதிய செல்கள் மிஞ்சியிருப்பதில்லை. நரம்பைச் சுற்றிய அழற்சி ஒரு காரணம், குழாய் அடைப்பால் ஏறும் அழுத்தம் இன்னொரு காரணம். நீண்ட நாள் வலி மூளையும் தண்டுவடமும் வலியை உணரும் விதத்தையே மாற்றிவிடுகிறது. அதனால் வெறும் வலிநிவாரணி மட்டும் போதாது. குழாயில் கல் அடைத்திருந்தால் எண்டோஸ்கோப் மூலமாகவோ அறுவையாலோ வழியுண்டு. அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

ஒரு கேள்வி. தம்பி புகைபிடிப்பாரா? பெரியப்பா?

விடியல்கீற்று

தம்பி நாளொன்றுக்கு ஒரு பாக்கெட், சில நாட்களில் இரண்டு. பெரியப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. வீட்டுக்குள் யார் பிடித்தாலும் திட்டுவார்.

நட்சத்திரச்செல்

அக்கா, உங்கள் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி இதில் இருக்கலாம். மிகுதியாகக் குடிப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் நாட்பட்ட கணைய அழற்சி வருகிறது. மது மட்டுமே போதுமானதாக இருந்தால் கணக்கு இப்படி வராது. மதுவோடு இன்னொன்றும் சேர வேண்டும்.

புகை அப்படிச் சேரும் ஒன்று. மது இல்லாமலேயே ஆபத்தைக் கூட்டும். மதுவோடு சேர்ந்தால் பெருக்கும். சிகரெட் புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள் டி-செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களில் உள்ள ஓர் ஏற்பியைத் தூண்டி இன்டர்லூகின்-22ஐச் சுரக்க வைக்கின்றன. அது நட்சத்திர செல்களைத் தழும்பு நெய்ய ஏவுகிறது என்று 2016இல் எலிகளில் காட்டினார்கள். நுரையீரலுக்குள் இழுக்கும் புகை கணையத்தில் தழும்பாவது எதிர்ப்புச் செல் வழியாகத்தான் என்று பார்த்தபோது, நானே அதுவரை புகையை இவ்வளவு பெரிதாக எண்ணவில்லையே என்று வருந்தினேன்.

இன்னொன்று குடல். மது, குடற்சுவரின் செல் இணைப்புகளைத் தளர்த்துகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்களின் உறைத்துணுக்கு, அதாவது என்டோடாக்சின், ரத்தத்தில் கசிகிறது. எதிர்ப்புச் செல்களும் நட்சத்திர செல்களும் டி.எல்.ஆர்-4 என்ற ஏற்பியால் அதை உணர்ந்து கிளர்ந்தெழுகின்றன. 2007இல் வெளிவந்த எலி ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மது மட்டும் கொடுத்த எலிகளின் கணையம் பெரிதாகக் கெடவில்லை. மதுவோடு என்டோடாக்சினையும் திரும்பத் திரும்பக் கொடுத்தவற்றில்தான் மனிதக் கணையத்தைப் போலத் தழும்பு விரிந்தது. அதே குழு 2011இல் அடுத்த கேள்வியைக் கேட்டது: மதுவை நிறுத்தினால்? நிறுத்திய எலிகளில் நட்சத்திர செல்கள் தாமாக மடிந்து தழும்பு கரைந்தது. தொடர்ந்து குடித்தவற்றில் அப்படியே நின்றது. எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கு நடக்கும் என்று நான் சொல்லவில்லை. பல ஆண்டுத் தழும்பும் கல்லும் கரைந்துபோகா. ஆனால் புதிதாக நெய்வது குறையும்.

மூன்றாவது மரபணு. ‘கிளாடின்-2’ என்ற புரதத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதன் அருகே உள்ள ஒரு மாறுபாடு, குடிப்பவர்களுக்கு இந்நோயின் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2012இல் கண்டார்கள். ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் ஒரு பிரதி போதும். பெண்ணுக்கு இரண்டிலும் இருக்க வேண்டும். ஆண்களுக்கு இது அதிகம் வருவதில் குடியைத் தவிர இதற்கும் பங்குண்டு.

கேள்விக்குறி

வைட்டமின் ஏ துளிகள் இருக்கும்வரை நட்சத்திர செல் அமைதியாக இருக்கிறது என்றால், வைட்டமின் ஏ மாத்திரை கொடுத்து அமைதிப்படுத்த முடியாதா?

நட்சத்திரச்செல்

தட்டில் முடிகிறது. ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ, சேர்த்தால், மது ஊற்றினாலும் செல் அமைதி குலைவதில்லை. மனிதருக்கு நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். வைட்டமின் ஏ அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும், மதுவோடு சேர்ந்தால் இன்னும் மோசம்.

வயிற்றுமருத்துவன்

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கொழுப்பு செரிக்காத நோயாளிக்கு ஏ, டி, இ, கே வைட்டமின்கள் குறைவது உண்மை. ரத்தத்தில் அளந்து, குறைந்ததை மட்டும் கொடுக்க வேண்டும்.

எதிர்ப்பு சக்தி “குறைந்துவிட்டது” என்று சொன்ன உறவினரும் முழுக்கப் பிழையாகச் சொல்லவில்லை. நீண்ட காலக் குடி ஒருபுறம் அழற்சியை முறுக்கிவிடுகிறது, மறுபுறம் கிருமிகளை எதிர்க்கும் திறனைக் குலைக்கிறது. குடிப்பவர்களுக்கு நிமோனியா அதிகம் வருவது அதனால்தான். ஆனால் அதற்குப் பரிகாரம் பொடி இல்லை. இன்ஃப்ளூயன்சா, நிமோகாக்கஸ் தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தழும்பைத் தடுக்க எதிர்ப்பு மண்டலத்தைக் குறிவைக்கும் மருந்து எதுவும் இன்று வழக்கமான சிகிச்சையில் இல்லை. மதுவையும் புகையையும் விடுவதுதான் அந்தச் சுற்றை அறுக்க நம் கையில் இருக்கும் வழி.

தெளிந்தநீர்

இதுவரை படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். உங்கள் தம்பிக்காக எழுதுகிறேன், சகோதரி. எனக்கும் இதே நோய். குடியை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

முதல் எட்டு மாதங்கள் வலி குறையவே இல்லை. விட்டும் வலிக்கிறதே, பிறகு எதற்கு விட வேண்டும் என்று ஒவ்வொரு இரவும் தோன்றும். அந்த எட்டு மாதங்களைத் தாண்டுவதுதான் கடினம். யாராவது அப்போதே “நரம்பைச் சுற்றி அழற்சி இருக்கிறது, அடங்க நாளாகும், சிலருக்கு முழுமையாக அடங்காமலும் போகலாம்” என்று சொல்லியிருந்தால் என்னை நானே இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன். எனக்கு ஒன்பதாம் மாதத்திலிருந்து வலியில்லாத நாட்கள் வரத் தொடங்கின. இப்போது மாதத்தில் ஓரிரு நாள்.

சிகரெட்டை விட்டது இரண்டாம் ஆண்டில். அது மதுவைவிடக் கடினமாக இருந்தது. இரண்டையும் சேர்த்தே விட்டிருக்க வேண்டும்.

மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டுகிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார். நானும் சொல்லவில்லை, பதினான்கு கிலோ இளைத்த பிறகுதான் சொன்னேன். என்சைம் கேப்சூலைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ போடாமல், சாப்பிடும்போதே போட வேண்டும் என்பதும் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

வயிற்றுமருத்துவன்

மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நொதிக் குறைபாடு இருக்கக்கூடும். சர்க்கரையையும் விடாமல் பார்க்க வேண்டும். தீவுகள் கடைசி வரை தாக்குப்பிடிக்கும் என்று கண்ணாடிவில்லை எழுதினார், ஆனால் அவையும் ஒருநாள் தளரும்.

விடியல்கீற்று

அவனிடம் கேட்டேன். முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “ஆறு மாதமாக அப்படித்தான் இருக்கிறது அக்கா” என்றான். திங்கட்கிழமை பரிசோதனைக்குக் கொடுக்கிறோம்.

பொடி டப்பாவை உறவினரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வருத்தப்பட்டார். தடுப்பூசியைப் பற்றி விளக்கிச் சொன்ன பிறகு அவரே மருத்துவமனைக்குக் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தெளிந்தநீர் அண்ணா, நீங்கள் எழுதியதைத் தம்பியே என் கைப்பேசியை வாங்கி இரண்டு முறை படித்தான். எட்டு மாதம் என்ற இடத்தில் விரலை வைத்து, இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று கேட்டான். பதினாறு என்றேன். சட்டைப்பையில் இருந்த பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி குனிந்து உட்கார்ந்துகொண்டான்.